பியானோ ரோலுக்குள் எது தெரிகிறது, எது தெரிவதில்லை

கணினியில் இசை செய்கிறவர்கள் அதிக நேரம் உட்கார்ந்திருக்கும் இடம் எது? மிக்சர் என்று சிலர் சொல்வார்கள், எஃபெக்ட் பிளக்இன் என்று சிலர் சொல்வார்கள். என் கணக்கில் அது பியானோ ரோல். இடது ஓரத்தில் செங்குத்தாக நிறுத்திய ஒரு பியானோ கட்டை வரிசை. வலப்பக்கம் முழுக்கக் கட்டம் போட்ட வெளி. அதில் சின்னச் சின்னச் செவ்வகங்கள். ஒவ்வொரு செவ்வகமும் ஒரு மிடி நோட். எஃப்எல் ஸ்டூடியோ, க்யூபேஸ், லாஜிக், ஏபிள்டன் லைவ், ரீப்பர் என்று எந்த டிஏடபிள்யூ மென்பொருளைத் திறந்தாலும் இந்த ஜன்னல் உண்டு. நிறமும் குறுக்குவழிகளும்தான் மாறும்.

புதுசா ஒரு சிந்தசைசர் பிளக்இன் வந்தால் அதற்குப் பத்து விமர்சனம் வருகிறது. ஹெட்போனுக்கு வருகிறது, ஸ்பீக்கருக்கு வருகிறது. பியானோ ரோலை மட்டும் யாரும் விமர்சிப்பதில்லை. வெள்ளைத்தாளை யார் விமர்சிப்பார்கள் என்ற எண்ணம்தான் காரணமாக இருக்கும். என் பார்வையில் இந்த ஜன்னலும் ஒரு வாத்தியம் மாதிரிதான். சில விஷயங்கள் அதில் சுலபமாக வரும், சில விஷயங்கள் வரவே வராது. வராததை நாளடைவில் நாம் கேட்பதையே விட்டுவிடுகிறோம். அது எப்படி நடக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

ஒரு நோட்டில் என்னதான் இருக்கு?

முதலில் மிடி என்பதையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் என்ஏஎம்எம் இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600, ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-6 என்ற இரண்டு சிந்தசைசர்களைக் கம்பி போட்டு இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் சேர்ந்து ஒலித்தது. வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒரே மொழி பேசியது அன்றைக்குப் பெரிய விஷயம். அந்த மொழிதான் மிடி. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுடாரோ ககெஹாஷியும் அதற்கு முன்னின்றவர்கள்.

இந்த மொழியில் ஒலி கிடையாது. ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று பைட் கொண்ட ஒரு செய்தி போகும்: எந்தச் சேனல், எந்த நோட், எவ்வளவு வேகத்தில் அழுத்தினீர்கள். அவ்வளவுதான். விட்டால் இன்னொரு செய்தி. அந்தக் காலத்து மிடி கம்பியில் ஒரு செகண்டுக்கு 31,250 பிட் போகும். அப்படின்னா ஒரு நோட்டைச் சொல்லி முடிக்க ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் ஆகும். நோட்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள். பியானோவின் நடு சி-க்கு எண் 60. பெயர் வைப்பதில்தான் குழப்பம். அதே 60-ஐ ஒரு மென்பொருள் சி3 என்கிறது, இன்னொன்று சி4 என்கிறது, எஃப்எல் ஸ்டூடியோ சி5 என்கிறது. இணையத்தில் யாரோ சொன்ன நோட்டை நம் மென்பொருளில் போட்டால் ஒரு ஸ்தாயி தள்ளிக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

வேகத்துக்குப் பெயர் வெலாசிட்டி. அதை ஒலி அளவு என்றே நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது உண்மையிலேயே வேகம்தான். கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுமுனைகள் இருக்கும். கட்டை கீழே இறங்கும்போது முதல் முனையிலிருந்து இரண்டாவது முனைக்குப் போக எவ்வளவு நேரம் எடுத்தது என்று கருவி அளக்கும். குறைந்த நேரம் என்றால் பெரிய எண். அந்த எண்ணை ஒலியின் அளவாக மாற்றுவதா, தன்மையாக மாற்றுவதா என்பது பெறுகிற கருவியின் வேலை.

ஒரு நோட்டின் நீளமும் மிடி செய்தியில் கிடையாது. அழுத்தியதற்கும் விட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை மென்பொருள் கணக்குப் போட்டு, ஒரு செவ்வகமாக வரைந்து காட்டுகிறது. ஆக, செவ்வகம் என்பது பியானோ ரோலின் கண்டுபிடிப்பு. எது முதலில், எது பெரிதாக, எது அடியில் ஒரு மூலையில் என்று முடிவு செய்தது மிடி இல்லை, இந்த ஜன்னல்.

கருவி காட்டுவதுதான் இசையில் வரும்

பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தானே வாசிக்கும் பியானோக்கள் வந்தன. நீளமான காகிதச் சுருளில் ஓட்டை போட்டிருப்பார்கள். ஓட்டை எங்கே இருக்கிறது என்பது எந்தக் கட்டை என்பதைச் சொல்லும், எவ்வளவு நீளம் என்பது எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லும். 1908-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் உற்பத்தியாளர்கள் கூடி, எல்லாச் சுருளும் எல்லாப் பியானோவுக்கும் பொருந்துகிற மாதிரி அளவுகளை ஒப்புக்கொண்டார்கள். இன்றைய பியானோ ரோல் அந்தச் சுருளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்ததுதான்.

அந்தச் சுருளில் பென்சிலும் துளைக் கருவியுமாக உட்கார்ந்து வாழ்நாளைக் கழித்தவர் கான்லன் நான்காரோ. அமெரிக்காவில் பிறந்து மெக்சிகோ நகரத்தில் வாழ்ந்தவர். மனிதக் கையால் வாசிக்க முடியாத கதிகளை எழுதினார், பிறகு தானே துளை போட்டுப் பியானோவிடம் கொடுத்தார். அவருடைய 21-ஆவது ஸ்டடியில் ஒரு குரல் வேகம் கூடிக்கொண்டே போகும், இன்னொரு குரல் வேகம் குறைந்துகொண்டே போகும். நடுவில் ஓர் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று தாண்டும். 'மவுஸால் நோட் வரைவது இசையே இல்லை, கையால் வாசிப்பதுதான் இசை' என்று சொல்கிறவர்களுக்கு நான்காரோ ஒருவரே போதுமான பதில். அந்த வாதத்தோடு எனக்கு ஒட்டு உறவு கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீபோர்டு வாங்க வசதியில்லாத ஒரு பையன் லேப்டாப்பில் மவுஸை வைத்து ஒரு பாட்டு செய்ய முடிகிறதே, அதுக்குப் பியானோ ரோலுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

என் கேள்வி வேறு. ஓர் உள்ளீட்டுக் கருவி எதை முன்னால் வைக்கிறதோ, இசையும் அந்தப் பக்கமே சாய்கிறது. இதுக்கு வரலாற்றில் நல்ல உதாரணங்கள் இருக்கு.

1977-ல் வந்த ரோலண்ட் எம்சி-8. அதில் கட்டையும் இல்லை, படமும் இல்லை. கால்குலேட்டர் மாதிரி எண் பொத்தான்கள்தான். ஒவ்வொரு நோட்டுக்கும் எண்கள் தட்ட வேண்டும்: எந்த உயரம், அடுத்த நோட்டுக்கு எவ்வளவு தூரம், அந்தத் தூரத்தில் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும். தொல்லை பிடித்த வேலைதான். ஆனால் கடைசி இரண்டையும் தனித்தனி எண்ணாக வைத்ததால், 'இந்த நோட் வெட்டி நிற்கணுமா, அடுத்ததோடு ஒட்டணுமா' என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஜப்பானின் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா இதை வைத்துத்தான் ஆரம்பகால வேலைகளைச் செய்தது. பியானோ ரோலில் இந்தக் கேள்வியே எழாது. கட்டத்தை நிரப்பிய ஒரு செவ்வகம் தானாக வந்து விழும்.

அடுத்தது ரோலண்ட் டிபி-303. பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்கென்று 1980-களின் தொடக்கத்தில் செய்த சின்னப் பெட்டி. விற்பனை படுத்துப்போய், 1984-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதில் நோட் போடும் முறை வினோதமானது. முதலில் உயரங்களை மட்டும் வரிசையாகக் கொடுக்க வேண்டும், பிறகு தாளத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு நோட்டுக்கும் இரண்டு விஷயங்களை நேரடியாகக் கேட்கும்: அழுத்தம் வேணுமா, அடுத்த நோட்டுக்கு வழுக்கிப் போகணுமா. செகண்ட்ஹேண்ட் கடைகளில் மலிவாகக் கிடைத்த இந்தப் பெட்டியை வைத்து ஷிகாகோவின் ஃபியூச்சர் குழு 1987-ல் 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டது. அதிலிருந்து கிளம்பிய ஆசிட் ஹவுஸ் இசையைக் கேளுங்கள். ஃபில்டர் திருகலை விட்டுவிட்டுப் பார்த்தால், முழுக்க வழுக்கலும் அழுத்தமும்தான். பெட்டி எதை முன்னால் கேட்டதோ அதுவே ஒரு இசைவகையின் முகமாகிவிட்டது.

மூன்றாவது, ரோஜர் லின். 1980-ல் அவர் செய்த எல்எம்-1 டிரம் மெஷினில் குவாண்டைஸும் ஸ்விங்கும் வந்துவிட்டன. நீங்கள் கொஞ்சம் முன்பின்னாகத் தட்டினாலும் இயந்திரம் அருகிலுள்ள கட்டத்துக்கு இழுத்துப் போட்டுவிடும். பிறகு அகாய் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த, 1988-ல் வந்த எம்பிசி60-ல் அந்தப் பொத்தானின் பெயரே 'டைமிங் கரெக்ட்'. பெயரைக் கவனியுங்கள். கட்டத்தில் இருப்பது சரி, கட்டத்துக்கு வெளியே இருப்பது திருத்த வேண்டியது. ஒரு பொத்தானுக்கு வைத்த பெயர், தாளத்தைப் பற்றிய ஒரு தீர்ப்பாகவே மாறிவிட்டது. அதே எம்பிசி வரிசையின் 3000 மாடலை வைத்துக்கொண்டு, அந்தத் திருத்தத்தை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, சில அடிகளைக் கட்டத்திலும் சில அடிகளை வெளியிலும் வைத்து ஹிப்ஹாப்பின் நடையை மாற்றியவர் ஜே டில்லா. தீர்ப்பை ஏற்காதவருக்குக் கிடைத்த இசை அது.

ஜன்னலின் வரைபடம்

இப்போது இன்றைய பியானோ ரோலுக்கு வருவோம். திரையை அளந்து பாருங்கள். பெரிய பரப்பு முழுக்க மூன்று விஷயங்களுக்கு: நோட்டின் உயரம், அது தொடங்கும் இடம், அதன் நீளம். அடியில் ஒரு ஒல்லியான பட்டையில் வெலாசிட்டி குச்சிகள். பிட்ச் பெண்ட், மாடுலேஷன், எக்ஸ்பிரஷன் எல்லாம் அதே பட்டைக்குப் பின்னால் ஒரு மெனுவில். ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும்.

முதல் மூன்றும் கட்டத்தோடு பூட்டப்பட்டிருக்கின்றன. பென்சிலை எடுத்து ஒரு கிளிக் செய்தால் நோட் சரியாகக் கோட்டில் போய் உட்காரும். நீளம் சரியாக ஒரு கட்டம். வெலாசிட்டி மென்பொருளைப் பொறுத்து 80 அல்லது 100 என்று ஏதோ ஒரு எண். பதினாறு ஹைஹாட் போட்டால் பதினாறுக்கும் அதே எண். இதில் எதையும் நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் எல்லாம் முடிவாகிவிட்டது.

துல்லியம் போதவில்லை என்று குறை சொல்ல முடியாது. காலடி 480 பங்காகப் பிரிக்கப்படும் மென்பொருளில், நிமிஷத்துக்கு 120 காலடி வேகத்தில், ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். 960 பங்கு என்றால் அரை மில்லிசெகண்ட். நம் காதுக்கு இது தாராளம். நோட்டை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் அதே வேகத்தில் திரையில் தெரிகிற பதினாறாம் பங்குக் கோடுகள் 125 மில்லிசெகண்டுக்கு ஒன்று. நடுவில் இருக்கிற 119 இடங்களுக்குப் போக வேண்டுமென்றால் ஸ்னாப்பை அணைக்க வேண்டும், பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், இழுக்க வேண்டும். கதவு திறந்துதான் இருக்கு, வாசல்படிதான் ரொம்ப உயரம்.

கை சேர்த்துச் செய்வதை ஜன்னல் பிரிக்கிறது

இதுவரை சொன்னது பலரும் ஒத்துக்கொள்வதுதான். ஸ்னாப்பை அணை, வெலாசிட்டியை மாற்று, சரியாயிடும் என்பார்கள். என் முக்கியமான குறை இதற்கு அடியில் இருக்கிறது.

ஒரு பியானோக் கலைஞர் நான்கு ஸ்வரம் சேர்ந்த ஒரு கார்டை வாசிக்கிறார். மேலே உள்ள ஸ்வரம் மெலடி, அது கொஞ்சம் எடுப்பாகக் கேட்க வேண்டும். இப்படி வாசித்ததைக் கணினி பொருத்திய பியானோக்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். மெலடி ஸ்வரம் சத்தமாக மட்டும் இல்லை, மற்றவற்றைவிட 20, 30 மில்லிசெகண்ட் முன்னதாகவும் வருகிறது. வாசித்தவர் அப்படித் திட்டமிட்டாரா? விரல் கட்டையைத் தொட்ட நேரத்தைப் பார்த்தால் எல்லா விரலும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் தொட்டிருக்கின்றன. வேகமாக அழுத்திய கட்டையின் சுத்தியல் வேகமாகப் பறந்து கம்பியை முன்னதாக அடித்துவிடுகிறது. அழுத்தமும் நேரமும் அந்த இயந்திரத்தில் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. எடுப்பாக வாசிக்க வேண்டும் என்ற ஒரே எண்ணம் இரண்டு எண்களாக வெளியே வருகிறது.

இதையே பியானோ ரோலில் வரையுங்கள். மேல் நோட்டின் வெலாசிட்டியைக் கூட்டுகிறீர்கள். நேரம் அசையாது. ஏன்னா அது வேறு அறையில் இருக்கு. ஒரு எண்ணமாக இருந்தது இரண்டு தனித்தனி வேலையாகிறது. முதல் வேலை கண்ணுக்குத் தெரிவதால் செய்கிறோம், இரண்டாவது தெரியாததால் விட்டுவிடுகிறோம்.

'ஹியூமனைஸ்' பொத்தான் இதற்கு மருந்து என்று விற்கப்படுகிறது. அது என்ன செய்கிறது? ஒவ்வொரு நோட்டின் நேரத்தையும் வெலாசிட்டியையும் சோழி உருட்டிப் போட்ட மாதிரி கொஞ்சம் கலைக்கிறது. மனிதர்கள் அப்படிக் கலைந்து வாசிப்பதில்லை. ஒரு டிரம்மர் ஸ்னேரைத் தள்ளி அடித்தால் ஒவ்வொரு ஆவர்த்தத்திலும் அதே அளவு தள்ளி அடிப்பார். சத்தத்தைக் கூட்டும் இடத்தில் வேகமும் லேசாகக் கூடும். ஒன்று மாறினால் இன்னொன்றும் மாறும் என்ற அந்தக் கட்டுமானம்தான் வாசிப்பு. ஹியூமனைஸ் அதை எடுத்துவிட்டு, பிசிறை மட்டும் வைத்துக்கொள்கிறது.

தோடியின் காந்தாரத்தை எங்கே வரைவது?

இதே பிரிப்பு கர்நாடக இசைக்கு வரும்போது இன்னும் பளிச்சென்று தெரியும். தோடியை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டை சுருதி, அதாவது சி-யில் ஸட்ஜம். தோடியின் சாதாரண காந்தாரம் ஈ ஃப்ளாட். ஆனால் பாடும்போது அந்தக் காந்தாரம் ஈ ஃப்ளாட்டில் குந்தி உட்காருவதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவை எடுத்துவிட்டால் அது தோடியே இல்லை.

பியானோ ரோலில் இதற்கு இரண்டு வழி. ஒன்று, ரி, ம, ரி, ம என்று குட்டி நோட்களாக அடுக்கலாம். ஒவ்வொன்றும் புதுசாக மீட்டியது போல ஒலிக்கும், படிக்கட்டில் இறங்குகிற மாதிரி இருக்கும். இரண்டு, ஈ ஃப்ளாட்டில் ஒரே நீள நோட் போட்டு, பிட்ச் பெண்ட் பட்டையில் ஒரு வளைவு வரையலாம். இது தேவலாம். வழக்கமான பெண்ட் எல்லை மேலே இரண்டு அரைஸ்வரம், கீழே இரண்டு அரைஸ்வரம். காந்தாரத்திலிருந்து சுத்த மத்யமம் சரியாக இரண்டு அரைஸ்வரம் மேலே, சுத்த ரிஷபம் சரியாக இரண்டு கீழே. அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது!

ஆனால் அந்தப் பட்டையில் ரி என்றோ ம என்றோ எழுதியிருக்காது. -8192 முதல் 8191 வரை எண்கள்தான். மேலே பெரிய பரப்பில் ஒரு செவ்வகம் 'நான் ஈ ஃப்ளாட்' என்று அசையாமல் படுத்திருக்கும். காது கேட்பது அடிப்பட்டையில் நடக்கிறது, கண் பார்ப்பது மேலே. அதுவும் போதாதென்று, பெண்ட் என்பது ஒரு சேனல் முழுவதற்கும் பொதுவானது. அதே சேனலில் கூடவே வேறொரு ஸ்வரம் ஒலித்தால் அதுவும் சேர்ந்து ஆடும்.

'பன்னிரண்டு கட்டை போட்ட மேற்கத்தியக் கட்டத்துக்குள் நம் இசை அடங்காது' என்ற வழக்கமான முடிவுக்கு இங்கே தாவிவிடலாம். நான் தாவ மாட்டேன். வீணையைப் பாருங்கள். அதிலும் 24 மெட்டுகள், இரண்டு ஸ்தாயிக்கு, ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. அதுவும் கட்டம்தான். ஆனால் மெட்டின் மேல் கம்பியை அழுத்துகிற அதே விரல்தான் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கவும் செய்கிறது. எந்த ஸ்வரம் என்பதும் அது எப்படி அசைய வேண்டும் என்பதும் ஒரே விரலின் ஒரே வேலை. கட்டம் வீணையில் யாரையும் தடுக்கவில்லை. பியானோ ரோலில் தடுப்பது, தொடுவதையும் இழுப்பதையும் இரண்டு அறையில் பிரித்து வைத்ததுதான்.

இன்னொரு எதிர்க்கேள்வியும் வரும். நம் ஸ்வரக் குறிப்புப் புத்தகங்களிலும் 'க' என்று ஒரே எழுத்துதானே போட்டிருக்கிறார்கள், அசைவை எங்கே எழுதியிருக்கிறார்கள்? சரியான கேள்வி. ஆனால் அந்த 'க' ஏற்கெனவே பாடம் கேட்டவருக்கு ஒரு நினைவூட்டல். அவர் தோடி என்று தலைப்பைப் பார்த்ததுமே மீதியைத் தானே நிரப்பிக்கொள்வார். மிடி நோட்டைப் படிப்பது தோடி கேட்டிராத ஒரு இயந்திரம். எழுதியதை மட்டும் செய்யும். புத்தகத்தில் விட்டுப்போவது குருவின் வாயில் இருக்கிறது. பியானோ ரோலில் விட்டுப்போவது எங்கேயும் இல்லை. ராகத்தை முதன்முதலாக இந்த ஜன்னல் வழியாகவே கற்றுக்கொள்கிற ஒரு தலைமுறை வந்துகொண்டிருக்கும்போது, இது சின்ன விஷயமாக எனக்குப் படவில்லை.

மென்பொருள்காரர்களுக்குத் தெரியாதா?

தெரியும். வேலையும் நடந்திருக்கிறது. 2011-ல் க்யூபேஸ் 6, ஒவ்வொரு நோட்டுக்குள்ளேயும் அதற்கான வளைவுகளை வைக்கிற நோட் எக்ஸ்பிரஷன் வசதியைக் கொண்டுவந்தது. 2014-ல் வந்த பிட்விக் அதை முதல் நாளிலிருந்தே வைத்திருந்தது. ஏபிள்டன் லைவ் 2021-ல் அதன் 11-ஆம் பதிப்பில் சேர்த்தது. ஒவ்வொரு நோட்டையும் தனிச் சேனலில் அனுப்பிப் பெண்ட் சிக்கலைத் தீர்க்கும் எம்பிஇ முறை 2018-ல் மிடி தரத்தோடு சேர்ந்தது. 2020-ல் அறிவித்த மிடி 2.0-வில் ஒவ்வொரு நோட்டுக்கும் தனிப் பெண்ட் அடிப்படையிலேயே உண்டு, வெலாசிட்டியும் 128 படியிலிருந்து 65,536 படியாகிறது. எஃப்எல் ஸ்டூடியோவில் வெகு காலமாகவே ஸ்லைடு நோட் உண்டு. அதை வரைந்தால் ஒலிக்கிற நோட் அந்த உயரத்துக்கு வழுக்கிப் போகும். அதன் சொந்தக் கருவிகளில் மட்டும் வேலை செய்யும் என்பது குறை. ஆனால் வழுக்கலைப் பெரிய பரப்பிலேயே, செவ்வகங்களின் நடுவிலேயே வரைய விட்டது நல்ல யோசனை. 303-இன் பாடம் அது.

இவை எல்லாம் நல்ல சேர்க்கைகள். ஆனாலும் புது ப்ராஜெக்ட் திறந்து பென்சிலை எடுத்தால் இன்றைக்கும் வருவது அதே செவ்வகம், அதே கட்டம், அதே ஒற்றை வெலாசிட்டி. புதுசா வருகிறவர் முதல் மாதத்தில் தொடுவது இதைத்தான், எக்ஸ்பிரஷன் பட்டனை அல்ல. முதல் மாதத்தில் காது பழகியதை மாற்றுவது கஷ்டம்.

அதுவரைக்கும்

நோட் போடும் வழிகளை வசதியை வைத்துத் தேர்ந்தெடுக்காமல், எது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் யோசனை.

தாளம் மனசில் ஓடுகிறது, ஸ்வரம் இன்னும் தெரியவில்லை என்றால், ஒரே கட்டையில் தாளத்தை மட்டும் தட்டிப் பதிவு செய்யுங்கள். லேப்டாப் விசைப்பலகையே கீபோர்டாக வேலை செய்யும், அதில் தட்டினால் நேரம் மட்டுமாவது உங்களுடையதாக இருக்கும். கீபோர்டோ பேடோ இருந்தால் நேரமும் அழுத்தமும் சேர்ந்தே பதிவாகும். பிறகு ஒவ்வொரு நோட்டையும் மேலும் கீழும் இழுத்து ஸ்வரம் வையுங்கள்.

ஸ்வரம் தெரியும், கைதான் அந்த வேகத்துக்கு ஓடாது என்றால் ஸ்டெப் என்ட்ரி. பல டிஏடபிள்யூக்களில் இருக்கு, பயன்படுத்துவோர் குறைவு. நீங்கள் கட்டையை அழுத்தும்வரை காலம் காத்திருக்கும்.

கதி கணக்காகத்தான் வேண்டும், மனிதச் சாயல் வேண்டாம், அல்லது மனிதனால் முடியாதது வேண்டும் என்றால் பென்சிலை எடுங்கள். அங்கே கட்டம் உங்கள் கூட்டாளி. டெக்னோவுக்கும் நான்காரோவுக்கும் அது பொருந்தும்.

கமகம் வேண்டும் என்றால் நோட்டை முதலில் போட்டுவிட்டு, பாட்டு ஓடும்போதே பெண்ட் சக்கரத்தைக் கையால் ஆட்டி மேலே பதிவு செய்யுங்கள். வாயால் பாடிக்கொண்டே ஆட்டினால் இன்னும் நன்றாக வரும். வளைவை மவுஸால் வரைவதைவிட இது பல மடங்கு மேல். ஏன்னா காதும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

குவாண்டைஸ் செய்தே ஆக வேண்டுமென்றால் அதன் பலத்தைப் பாதியில் வையுங்கள். 30 மில்லிசெகண்ட் தள்ளி விழுந்த அடி 15-க்கு வரும். தள்ளி விழுந்த திசை அப்படியே இருக்கும், அளவு மட்டும் குறையும். அந்தத் திசையில்தான் உங்கள் நடை இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஒரு பகுதியைச் செய்து முடித்ததும் பியானோ ரோலை மூடிவிட்டு ஒரு தடவை கேளுங்கள். ஜன்னல் திறந்திருந்தால் கண் அடுத்த செவ்வகம் வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும், காதும் சரி என்று தலையாட்டிவிடும். மூடிவிட்டுக் கேட்டால் எங்கே சப்பென்று இருக்கிறது என்று ஒரே தடவையில் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது பென்சிலால் போட்டுவிட்டு, வெலாசிட்டியைத் தொடாமல் விட்ட இடமாகத்தான் இருக்கும்.